என் அரிப்புக்கு மருந்து உங்க மனையில இருக்கு



தக்காளி விலை, காட்டு யானை, காஞ்சு போன போர்வெல்னு இங்க நிறைய எழுதியாச்சு. இந்தத் தடவை அரிப்பைப் பத்தி எழுதப் போறேன். சிரிக்காதீங்க. நாலு வருஷமா என்கூடவே படுத்து என்கூடவே எழுந்த அரிப்பு அது. இப்போ முக்கால்வாசி அடங்கியிருக்கு. மீதி கால்வாசி ஏன் அடங்கலைங்கறதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

சுருக்கமா முதல்லயே சொல்லிடறேன். என் தோல்ல வந்திருக்கறது பார்த்தீனியம்கிற செடியால வர்ற ஒவ்வாமை. இதுக்கு மாத்திரை இருக்கு, களிம்பு இருக்கு, நல்ல டாக்டருங்களும் இருக்காங்க. ஆனா காத்துல அந்தச் செடியோட பொடி வந்துட்டே இருந்தா எந்த மருந்தும் பாதி வழியிலயே நின்னுடும். என் வயல்ல நான் புடுங்கிடுவேன். வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கறதை யார் புடுங்கறது? அந்தப் பக்கம் இருக்கற நிலம் பெரும்பாலும் சென்னையிலயும் பெங்களூர்லயும் கோயம்புத்தூர்லயும் இருக்கற உங்களை மாதிரி ஆளுங்களோடது. அதான் உங்ககிட்ட பேசறேன்.

எங்க ஊரு ஓசூருக்கும் ராயக்கோட்டைக்கும் நடுவுல. மூணு ஏக்கர். மானாவாரியில ராகி, அதுக்கப்புறம் கொள்ளு. தண்ணி இருக்கற இடத்துல தக்காளியும் சாமந்தியும். இதுல சாமந்தியை மட்டும் நல்லா ஞாபகம் வச்சுக்கங்க, பின்னாடி வரும்.

எப்படி ஆரம்பிச்சுது

முதல்ல கழுத்துல வந்துச்சு. சட்டைக் காலர் உரசற இடத்துல சிவந்து, சின்னச் சின்னதா பொரிப் பொரியா. அப்புறம் கண்ணு இமை. காலையில எழுந்தா ரெண்டு இமையும் வீங்கி, கண்ணைத் தொறக்கவே கஷ்டம். அப்புறம் முழங்கை மடக்கற உள்பக்கம், முட்டிக்குப் பின்னாடி. நெத்தி, காது, புறங்கை. சட்டை மூடற நெஞ்சுலயும் முதுகுலயும் ரொம்ப குறைவு.

முதல் வருஷம் மழைக்காலத்துல வந்து பனி காலத்துல போயிடுச்சு. சூடுன்னு விட்டாச்சு. ரெண்டாவது வருஷம் கோடை மழைக்கே வந்துடுச்சு. மூணாவது வருஷம் போகவே இல்லை. தோல் தடிச்சு, கறுத்து, யானைத் தோல் மாதிரி மடிப்பு விழுந்துடுச்சு. வெயில் பட்டா எரியும். ராத்திரி படுத்தா அரிக்கும். தூக்கத்துல சொறிஞ்சு தலகாணி உறையில ரத்தம் ஒட்டியிருக்கும்.

வலியை மனுஷன் பொறுத்துக்குவான். அரிப்பு வேற மாதிரி. ஒரு நிமிஷம் சொறிஞ்சா சொர்க்கம், அடுத்த நிமிஷம் நெருப்பு. ராத்திரி ரெண்டு மணிக்கு கெணத்து மேட்டுல உக்காந்து ஈரத் துண்டைக் கழுத்துல சுத்திக்கிட்டு விடியறதைப் பார்த்த நாளு நிறைய. தூக்கம் போச்சுன்னா கோவம் வரும். வீட்ல யார்கிட்ட பேசினாலும் சள்ளுனு விழுவேன். சம்சாரமும் பையனும் அதையும் தாங்கினாங்க.

ஊரு சும்மா இருக்குமா? கத்தரிக்காய் சாப்பிடாதே, கருவாடு தொடாதேன்னாங்க. உரத்தைக் கையில அள்ளினதால வந்ததுன்னாங்க. வேப்பிலை, மஞ்சள், குப்பைமேனின்னு ஆளுக்கொன்னு அரைச்சுக் குடுத்தாங்க. எல்லாம் அன்புலதான். ஆனா டீக்கடையில கண்ணாடி கிளாஸ் போய் பேப்பர் கப் வந்தப்ப வேற மாதிரி இருந்துச்சு. வாயில யாரும் சொல்லலை. குஷ்டமோ, ஒட்டிக்குமோன்னு பயம். ஒரு கல்யாணத்துல பந்தியில என் பக்கத்து இலைக்கு ஆள் வரவே இல்லை.

அதனால இதை அழுத்திச் சொல்லிடறேன். இந்தத் தோல் நோய் தொத்து நோய் இல்லை. தொட்டாலோ, கூட உக்காந்து சாப்பிட்டாலோ, ஒரே துண்டைத் துடைச்சாலோ வராது. சுத்தமில்லாம இருக்கறதாலயும் வராது. வயக்காட்டுல வேலை செய்யறவங்களுக்குத்தான் இது அதிகம் வருது, ஏன்னா அவங்கதான் அந்தச் செடி நடுவுல இருக்காங்க.

முதுகுல ஒட்டின சோதனை

மெடிக்கல் ஷாப்புல போய் 'அரிப்புக்கு ஒன்னு குடுப்பா'ன்னு கேட்டா ஒரு டியூப் நீட்டுவாங்க. பெரும்பாலும் அதுல ஸ்டீராய்டு இருக்கும். போட்ட ரெண்டே நாள்ல அடங்கும், நிறுத்தினா முன்னைவிட மோசமா வரும். எங்க பக்கத்துல பல பேரு மாசக்கணக்குல அதைப் போட்டு மூஞ்சித் தோல் மெலிஞ்சு, நரம்பு தெரிய சிவந்து போயிருக்காங்க. ஸ்டீராய்டு களிம்பு கெட்டதுன்னு சொல்லலை. எனக்கும் டாக்டர் அதைத்தான் குடுத்தாங்க. எந்த வீரியம், எந்த இடத்துக்கு, எத்தனை நாளுன்னு சொல்லிக் குடுத்தாங்க. வித்தியாசம் அவ்வளவுதான், ஆனா அந்த வித்தியாசத்துலதான் தோலே இருக்கு.

தோல் டாக்டரம்மா என்னைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, "உங்க வயலைச் சுத்தி என்ன செடி இருக்கு?" அதுவரைக்கும் எல்லாரும் நான் என்ன சாப்பிடறேன்னுதான் கேட்டாங்க. இமை, கழுத்து, முழங்கை மடிப்பு, முட்டி மடிப்பு, இந்த நாலு இடத்தையும் பார்த்தாலே காத்துல வர்ற ஏதோ ஒன்னுன்னு அவங்களுக்குத் தெரிஞ்சிடுமாம். வேர்வையும் பொடியும் சேர்ந்து தங்கற இடம் அதுதான்.

அப்புறம் பேட்ச் டெஸ்ட். ஊசி கிடையாது. சின்னச் சின்ன வட்டத் தகடுல ஒவ்வொரு பொருளையும் கொஞ்சமா வச்சு, பிளாஸ்திரி மாதிரி முதுகுல ஒட்டிடுவாங்க. ரெண்டு நாள் குளிக்கக் கூடாது, வேர்க்கற வேலை செய்யக் கூடாது. ஒரு விவசாயிக்கு அது பெரிய தண்டனை. 48 மணி நேரம் கழிச்சுப் பிரிச்சுப் பார்ப்பாங்க. இன்னும் ஒன்னு ரெண்டு நாள் கழிச்சு திரும்பவும் பார்ப்பாங்க. எந்த வட்டத்துல சிவந்து தடிச்சிருக்கோ அதுதான் எதிரி. எனக்கு ரெண்டு வட்டம் எழும்பியிருந்துச்சு. பார்த்தீனியம் நல்லா பலமா. சாமந்தி அதுக்கு அடுத்தபடி.

ரெண்டும் ஒரே குடும்பம். சூரியகாந்தி, செண்டுமல்லி, சாமந்தி, பார்த்தீனியம் எல்லாம் சொந்தக்காரங்க. ஒன்னு ஒத்துக்கலைன்னா இன்னொன்னும் ஒத்துக்காம போக வாய்ப்பு உண்டு. எங்க அப்பா காலத்துலேர்ந்து ஆயுத பூஜைக்குப் பூ அனுப்பற வீடு எங்களுது. அந்த வருஷத்தோட சாமந்தியை நிறுத்திட்டேன். பையில வர்ற காசை விடுங்க, சாயங்காலம் பூ பறிச்ச கூடை வீட்டுத் திண்ணையில இருக்காதுன்னு ஆனப்ப சம்சாரம் ஒன்னும் பேசலை. சாமி படத்துக்கு இப்ப மல்லிதான்.

இன்னொன்னும் டாக்டரம்மா சொன்னாங்க. இது தொட்ட உடனே வர்ற ஒவ்வாமை இல்லை. இன்னிக்குப் பட்டா நாளைக்கோ நாளன்னிக்கோதான் தோல்ல தெரியும். அதனாலதான் செடி மேல யாருக்கும் சந்தேகம் வர்றதில்லை, நேத்து சாப்பிட்ட கத்தரிக்காய் மேல பழி விழுது. அதோட பல வருஷம் அந்தச் செடி நடுவுல இருந்தும் ஒன்னும் ஆகாம இருக்கலாம். ஒரு நாள் உடம்பு அதை எதிரின்னு முடிவு பண்ணிடும். முடிவு பண்ணிட்டா அநேகமா ஆயுசுக்கும் மறக்காது.

எந்தச் செடி அது

நீங்க கட்டாயம் பார்த்திருப்பீங்க. காலி மனையில, ரயில்வே லைன் ஓரத்துல, பைபாஸ் ரோட்டு நடுவுல, குப்பை மேட்டுல இடுப்பு உசரத்துக்கு நிக்கும். இலை கேரட் இலை மாதிரி வெட்டு வெட்டா இருக்கும். அதனால இந்தியில இதுக்கு கேரட் புல்லுன்னு பேரு. உச்சியில வெள்ளை வெள்ளையா கடுகைவிடக் கொஞ்சம் பெரிய பூ, கொத்துக் கொத்தா. பார்க்க அழகா இருக்கும். பொக்கேல நடுவுல இதைச் செருகி வச்சிருந்ததை நானே ஒரு வரவேற்புல பார்த்தேன். மேடைக்குப் போகாம திரும்பிட்டேன். எல்லைக்கு அந்தப் பக்கம் கன்னடத்துல இதைக் காங்கிரஸ் கிடான்னு சொல்வாங்க. நாங்க பார்த்தீனியம்தான்.

இது நம்ம ஊரு செடி இல்லை. அமெரிக்கக் கண்டத்தோட வெப்பப் பகுதியிலேர்ந்து வந்தது. 1950கள்ல புனே பக்கம் இது பரவினது கவனிக்கப்பட்டுச்சு. பிஎல் 480 திட்டத்துல அமெரிக்காவுலேர்ந்து வந்த கோதுமையோட விதை வந்துச்சுன்னு பரவலா சொல்வாங்க. எப்படி வந்தாலும் இன்னிக்கு நாடு முழுக்க இருக்கு. ஒரு நல்ல செடி பத்தாயிரம் விதைக்கு மேல போடும். விதை தூசி மாதிரி லேசு. காத்து, மழைத் தண்ணி, மாட்டுக் குளம்பு, லாரி டயர், ஜேசிபி கொண்டு வர்ற மண்ணு எல்லாத்துலயும் போகும். ஈரம் இருந்தா வருஷம் முழுக்க முளைக்கும். முளைச்சு ஒன்னு ஒன்றரை மாசத்துல பூ வைக்க ஆரம்பிச்சுடும். மண்ணுக்குள்ள விதை வருஷக்கணக்குல உசிரோட கிடக்கும்.

இதோட இலையிலயும் தண்டுலயும் இருக்கற பொடி ரோமத்துல பார்த்தீனின்னு ஒரு வேதிப்பொருள் இருக்கு. தோலைத் தொந்தரவு பண்றது முக்கியமா அதுதான். செடி காஞ்சா அந்த ரோமம் உதிர்ந்து காத்துல பறக்கும். அதனால செடியைத் தொட்டவனுக்கு மட்டும் இல்லை, அந்தப் பக்கமா வீசற காத்துல நிக்கறவனுக்கும் வரும். மகரந்தத்தால சிலருக்குத் தும்மலும் மூச்சிரைப்பும் உண்டு. மாடு இதைத் தின்னா பால் கசக்கும். பக்கத்துல வேற செடியையும் சுலபமா வளர விடாது.

தேறினது எப்படி

என்ன பண்ணி இவ்வளவு தேறினேன்னு கேப்பீங்க. மருந்து பாதி, பழக்கம் பாதி.

மருந்தைப் பொறுத்தவரைக்கும் டாக்டரம்மா சொன்ன களிம்பு, சொன்ன நாளுக்கு. அது போதாம போனப்ப அசதயோபிரின்னு ஒரு மாத்திரை. உடம்போட எதிர்ப்பு சக்தியையே கொஞ்சம் அடக்கி வைக்கற மருந்து அது. அதனால அடிக்கடி ரத்தம் குடுத்து அணுக்கள் எண்ணிக்கையும் ஈரலும் சரியா இருக்கான்னு பார்க்கணும். சந்தேகமே வேண்டாம், இதை யாரும் தானா வாங்கிச் சாப்பிடக் கூடாது. எனக்கு ரெண்டு மூணு மாசம் கழிச்சுத்தான் வித்தியாசம் தெரிஞ்சுது. அந்த ரெண்டு மூணு மாசம் பொறுமையா இருந்ததுதான் ரொம்பக் கஷ்டம்.

பழக்கத்துல, முழுக்கைப் பருத்திச் சட்டை, காலர் வரைக்கும் பட்டன். தலையில துண்டு, கழுத்தைச் சுத்தி. வயலுக்குப் போய் வந்த உடனே குளியல், வேர்வை காயற வரைக்கும் திண்ணையில உக்காந்து பேசறதெல்லாம் கிடையாது. வயல்ல போட்ட துணி வீட்டுக்குள்ள வராது. துவைச்ச துணியை வேலியில காயப் போடறதில்லை, பின்பக்கம் தாழ்வாரத்துல. குளிச்சு ஈரம் காயறதுக்குள்ள தேங்காய் எண்ணெயோ டாக்டர் சொன்ன மாய்ஸ்சரைசரோ. நகத்தை ஒட்ட வெட்டிடறது. காத்து பலமா அடிக்கற நேரத்துல கிழக்குப் பக்கம் போறதில்லை.

இந்தக் கடைசி வரிதான் விஷயம். சொந்த நிலத்துல கிழக்குப் பக்கம் போக முடியாத விவசாயி நான். ஏன்?

வேலிக்கு அந்தப் பக்கம்

எங்க நிலத்துக்குக் கிழக்கே ஆறு ஏக்கர் ராகிக் காடு இருந்துச்சு. அண்ணன் தம்பி நாலு பேரு பங்கு பிரிக்க முடியாம வித்தாங்க. வாங்கினவங்க சமன் பண்ணி, ரோடு போட்டு, கல்லு நட்டு, வளைவு கட்டி, கலர் பெயின்ட் அடிச்சு மனையா வித்துட்டாங்க. வித்து ஆறு வருஷம் ஆச்சு. இன்னிக்கு வரைக்கும் மூணே வீடுதான் வந்திருக்கு. மீதியெல்லாம் பார்த்தீனியம். ராகிக் காடா இருந்தப்ப வருஷத்துக்கு ரெண்டு தடவை ஏர் ஓடும், களை வெட்டுவாங்க, மாடு மேயும், கொள்ளு மூடிக்கும். அந்தச் செடிக்கு நிக்க இடம் இருக்காது. இப்ப ஏரும் இல்லை, மாடும் இல்லை, மனுஷனும் இல்லை. யாரும் தொடாத நிலம் மாதிரி பார்த்தீனியத்துக்குப் புடிச்ச இடம் வேற இல்லை.

மனை வாங்கறதை நான் தப்பு சொல்லலை. வாடகை வீட்ல இருக்கறவங்களுக்குச் சொந்தமா ஒரு இடம்கிறது எவ்வளவு பெரிய விஷயம்னு தெரியும். பொண்ணு கல்யாணத்துக்கு, பையன் படிப்புக்குன்னு வாங்கிப் போடறாங்க. அந்தச் சேமிப்பு நியாயமானது. நான் சொல்றது ஒன்னே ஒன்னு. வங்கியில போட்ட பணம் சும்மா இருக்கும். நிலம் சும்மா இருக்காது. நீங்க ஒன்னும் விதைக்கலைன்னா அது தானா ஒன்னை விதைச்சுக்கும். அது விதைக்கறது பக்கத்து நிலத்துல இருக்கறவன் மூஞ்சியில வந்து விழும்.

ஒருத்தர் மனை பார்க்க வந்தப்ப போய்ப் பேசினேன். தங்கமான மனுஷன். "அண்ணா, இந்தச் செடியை நான் நடலையே, தானா வந்ததுக்கு நான் என்ன பண்றது"ன்னார். நியாயமான கேள்வி. நானும் யோசிச்சேன். தெருவுல தண்ணி தேங்கி கொசு வர்றப்ப கொசுவை யாரும் நடலை. ஆனா உங்க மொட்டை மாடியில டயர்ல தண்ணி நின்னா மாநகராட்சிக்காரர் வந்து உங்களைத்தான் கேக்கறார், அபராதம் கூடப் போடறார். டெங்குன்னா அடுத்த வீட்டுக்காரனுக்கும் வரும்னு நமக்குப் புரிஞ்சிருக்கு. தோல் நோய்னா அது அவனவன் உடம்புப் பிரச்சினைன்னு நினைக்கறோம். காத்துல வர்ற நோய்ல அப்படிப் பிரிக்க முடியாது.

'ஏன், உங்க விவசாயிங்க வரப்புல இல்லையா, ஏரிக்கரையில இல்லையா?' அப்படின்னும் கேக்கலாம். இருக்கு. எங்க ஊர்ல தரிசா விட்ட உள்ளூர்க்காரங்க நிலத்துலயும் இருக்கு, பஞ்சாயத்து ரோட்டு ஓரத்துலயும் இருக்கு. அவங்ககிட்ட நேர்ல சண்டை போட்டுக்கிட்டுதான் இருக்கேன். நேர்ல பார்க்க முடியாத ஆளு நீங்கதான்.

சட்டம் இல்லாம இல்லை. கர்நாடகத்துல 1975லயே இதைத் தீங்கு செய்யற களைன்னு அறிவிச்சாங்க. நம்ம பக்கமும் சென்னை மாகாணம் காலத்துல 1919ல வந்த பயிர்ப் பூச்சி, நோய்ச் சட்டம் களைகளையும் சேர்த்துச் சொல்லுது. ஆனா கர்நாடகத்துல அறிவிச்ச அப்புறமும் பெங்களூரைச் சுத்தி இது குறையலைங்கறதை பஸ்ல ஜன்னலோரம் உக்காந்து போனாலே தெரிஞ்சுக்கலாம். 1984ல பெங்களூர்ல மெக்சிகோ வண்டு ஒன்னைக் கொண்டு வந்து விட்டாங்க. அது இந்த இலையைத்தான் திங்கும். மழைக்காலத்துல எங்க பக்கமும் பார்க்கறேன், நல்லாத்தான் திங்குது. ஆனா வெயில் காலத்துல அது மண்ணுக்குள்ள போயிடும், செடி மறுபடியும் எழுந்துடும். வருஷா வருஷம் ஆகஸ்ட் 16லேர்ந்து 22 வரைக்கும் பார்த்தீனிய விழிப்புணர்வு வாரம் கூட உண்டு. ஒரு வாரம் புடுங்கினா மீதி 51 வாரம் அது வளரும்.

என் அபிப்பிராயம் இதுதான். லேஅவுட்டுக்கு அனுமதி குடுக்கறப்ப ரோடு, சாக்கடை, பூங்கா இடம் கேக்கற மாதிரி, வீடு கட்டற வரைக்கும் களை பராமரிப்பு யார் பொறுப்புன்னும் எழுதி வாங்கணும். வித்தவரு கொஞ்ச வருஷம், அப்புறம் வாங்கினவரு. பஞ்சாயத்து வேலையில ஆளு விட்டு புடுங்கறதா இருந்தா பூ வைக்கறதுக்கு முன்னாடி புடுங்கணும், கையுறையும் முழுக்கைச் சட்டையும் குடுத்துட்டுப் புடுங்கச் சொல்லணும். எங்க ஊர்ல அந்த வேலைக்கு வர்றது முக்கால்வாசி அறுபது வயசு தாண்டின அம்மாங்க. வெறுங்கையில, புடவை முந்தானையை இடுப்புல சொருகிக்கிட்டு புடுங்கறாங்க. என் அரிப்பைத் தீர்க்கறதுக்கு அந்த அம்மாங்க தோலைக் குடுக்கச் சொல்ல எனக்கு மனசு வராது.

நீங்க என்ன பண்ணலாம்

இவ்வளவு சொல்லிட்டு வழி சொல்லாம போனா நல்லா இருக்காது.

ஒன்னு, நல்ல மழை பெய்ஞ்சு மூணு நாலு வாரத்துல, செடி பூ வைக்கறதுக்குள்ள ஆளு விட்டு வேரோட புடுங்குங்க. ஈர மண்ணுல சுலபமா வரும். வருஷத்துக்கு ரெண்டு மூணு தடவை பண்ணணும். பூத்த அப்புறம் வெட்டினா விதையைத்தான் பரப்புவோம். வெட்டி அப்படியே விட்டா அடியிலேர்ந்து துளிர்க்கும். காஞ்ச செடியை எரிச்சு பொடியைப் பறக்க விடாதீங்க. பூக்காத செடியைக் குழியில போட்டு மக்க வைக்கலாம், நல்ல உரம்.

ரெண்டு, ஒரு லிட்டர் தண்ணிக்கு 200 கிராம் சமையல் உப்பு, கொஞ்சம் சோப்புத் தண்ணி சேர்த்து வெயில் நேரத்துல இலை நனைய அடிச்சா இளஞ்செடி கருகிடும். வேளாண்மைத் துறையில சொல்ற வழிதான். ஆனா உப்பு மண்ணுல தங்கும். வயலை ஒட்டியும் கெணத்தை ஒட்டியும் வேண்டாம்.

மூணாவதுதான் எனக்குப் புடிச்சது. புரட்டாசி வாக்குல மனையில கொள்ளு விதைக்க விடுங்க. நிலத்தை மூடிக்கிட்டு வளரும், களைக்கு இடம் குடுக்காது. தண்ணி கேக்காது. தை மாசத்துக்குள்ள அறுத்துட்டு காலி பண்ணிடலாம். பக்கத்து விவசாயிகிட்ட சொன்னா இலவசமா செய்வாரு, கொள்ளை அவரே எடுத்துக்குவாரு. உங்க பயம் எனக்குத் தெரியும். 'இன்னிக்கு கொள்ளு விதைப்பான், நாளைக்கு குத்தகை உரிமைன்னு கேஸ் போடுவான்.' அந்தப் பயத்துல நியாயம் இருக்கு, அப்படி நடந்ததும் உண்டு. வக்கீல் வச்சு உரிமை எதுவும் கோர மாட்டேன்னு எழுதி வாங்கிக்கங்க. ஒவ்வொரு போகத்துக்கும் புதுசா எழுதிக்கங்க.

கிழக்குப் பக்கம் ஒன்பது மனைக்காரங்ககிட்ட போன்ல பேசி அப்படி எழுதிக் குடுத்து, போன புரட்டாசியில கொள்ளு போட்டேன். விதை என்னுது, ஏரு என்னுது. நின்ன செடியைப் புடுங்கினது என் பையனும் அவன் சிநேகிதங்க ரெண்டு பேரும், கையுறை மாஸ்க்கு போட்டுக்கிட்டு. என்னை வீட்டை விட்டு வர வேண்டாம்னுட்டாங்க. அந்த ஒன்பது மனையும் என் வேலியை ஒட்டின வரிசை. இந்தக் கார்த்திகையில இமை வீங்கலை. கழுத்துல லேசா வந்துச்சு, களிம்பு ஒரு வாரத்துல அடங்குச்சு. டாக்டரம்மா மாத்திரையைக் குறைச்சிருக்காங்க. இது ஒரே ஒரு ஆளோட அனுபவம்தான், மருந்தும் கூட வேலை செஞ்சிருக்கும். ஆனா ராத்திரி முழுசா தூங்கறவனுக்கு அது போதும்.

எனக்கு இது முழுசா குணமாகாதுன்னு தெரியும். சாமந்தித் தோட்டத்துக்குள்ள இனி போக மாட்டேன். முழுக்கைச் சட்டை கடைசி வரைக்கும் இருக்கும். அதெல்லாம் பழகிடுச்சு. ஆனா அந்த லேஅவுட்டுல இன்னும் அறுபது மனைக்கு மேல இருக்கு. அதுல பாதிப் பேரோட போன் நம்பர் யார்கிட்டயும் இல்லை.

உங்களுக்கு எங்கயாவது ஒரு மனை இருந்தா, கடைசியா எப்ப போய்ப் பார்த்தீங்கன்னு யோசிச்சுப் பாருங்க. எல்லைக் கல்லு இருக்கான்னு மட்டும் பார்த்துட்டு வந்துடாதீங்க. உள்ள என்ன வளர்ந்திருக்குன்னு பாருங்க. பக்கத்து வயல்ல யாராவது கழுத்துல துண்டு சுத்திக்கிட்டு வேலை செஞ்சுக்கிட்டு இருந்தா போய் ஒரு வார்த்தை பேசுங்க. உங்க போன் நம்பரைக் குடுத்துட்டு வாங்க.